உங்களுக்குத் தெரியுமா? முதலாளி இல்லாத மென்பொருளில் முடிவெடுப்பது யார்!

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கர்னல். தினமும் நீங்கள் திறக்கும் இணையதளங்களில் பாதிக்கு மேல் ஓப்பன் சோர்ஸ் சர்வர்களில்தான் உயிர் வாழ்கின்றன. இந்த மென்பொருள்களில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றால் யார் 'சரி' சொல்ல வேண்டும்?

முதலாளி கிடையாது. மேனேஜர் கிடையாது. ஆனால் தேர்தல் உண்டு, வீட்டோ உண்டு, கலகம் உண்டு, தலைவரையே கீழே இறக்கும் தீர்மானம்கூட உண்டு! தோண்டத் தோண்டப் புதையல். அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன், பிடியுங்கள்!

ஓர் இயங்குதளம், ஓர் அரசியல் சட்டம்!

1993 ஆகஸ்ட் 16. இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒரு புதிய இயங்குதளத்தை அறிவித்தார். காதலியின் பெயர் டெப்ரா. டெப்ராவில் பாதி, இயன் முழுசு. டெபியன் பிறந்தது!

அந்த டெபியனுக்கு ஓர் அரசியல் சட்டமே இருக்கிறது! 'கான்ஸ்டிடியூஷன்' என்றுதான் அதற்குப் பெயர். 1998 டிசம்பர் 2-ம் தேதி நிறைவேறியது.

சட்டத்தைத் திருத்த வேண்டுமா? மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை வேண்டும். அதாவது 75 சதவீதம். நம் நாடாளுமன்றத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்தவே மூன்றில் இரண்டு பங்கு வாக்குதான் கேட்கிறார்கள்!

அதில் ஒரு பிரிவைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். டெபியனுக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லையாம்! ஒப்படைத்த வேலை பிடிக்கவில்லையா? செய்ய வேண்டாம். எடுத்த முடிவுக்கு எதிராகக் குழி பறிக்காமல் இருந்தால் போதும். இப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு 2023 ஜூனில் வெளியிட்ட டெபியன் 12-ல் இருந்த மென்பொருள் பொதிகள் எத்தனை தெரியுமா? 64,000-க்கும் மேல்!

சட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது ஒப்பந்தம். 1997 ஜூலையில் டெபியன் பயனாளர்களோடு ஒரு 'சமூக ஒப்பந்தம்' போட்டுக்கொண்டது. அதில் ஒரு வாக்குறுதி: எங்கள் பிழைகளை உங்களிடம் மறைக்க மாட்டோம்! பிழைப் பட்டியல் முழுவதையும் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

இன்னொரு வெடி. 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் பிறந்தது 1998 பிப்ரவரியில். சூட்டியவர் கிறிஸ்டின் பீட்டர்சன். அதற்கு இலக்கணம் எங்கிருந்து வந்தது? டெபியனின் ஒப்பந்தத்தில் இருந்த வழிகாட்டு விதிகளை எடுத்து, 'டெபியன்' என்ற பெயரை மட்டும் நீக்கினார் புரூஸ் பெரன்ஸ். உலகத்துக்கே இலக்கணம் ரெடி!

வாக்குச்சீட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போமா?

டெபியனில் தலைவர் பதவி ஒரே ஓர் ஆண்டுக்கு. வருடா வருடம் தேர்தல்! வாக்கெடுப்பில் முதன்முதலாக ஜெயித்தவர் விச்சர்ட் அக்கர்மன். ஆண்டு 1999.

வாக்குச்சீட்டு இமெயிலில் வரும். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் காலியாக ஒரு சதுர அடைப்புக்குறி. பிடித்தவருக்கு 1. அடுத்தவருக்கு 2. இரண்டு பேரையும் சமமாகப் பிடித்தால் இரண்டு பேருக்குமே 1 போடலாம்! ஒன்றும் எழுதாமல் விட்டால் அவருக்குக் கடைசி இடம். நிரப்பிய சீட்டில் உங்களுடைய ரகசியச் சாவியால் மின்கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கையெழுத்து பொருந்தவில்லையா? கம்ப்யூட்டரே தள்ளிவிடும்!

அந்தச் சாவிக்கு அங்கீகாரமும் லேசில் கிடைக்காது. ஏற்கனவே டெபியன் டெவலப்பராக இருப்பவர் உங்களை நேரில் சந்திக்க வேண்டும். பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். அவர் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து உங்கள் சாவிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். மாநாடுகளில் இதற்காகவே பாஸ்போர்ட்டும் கையுமாக வரிசையில் நிற்கிறார்கள். அந்த நிகழ்ச்சிக்கு 'கீ சைனிங் பார்ட்டி' என்று பெயர்!

வாக்குச்சீட்டின் கடைசி வரியில் எப்போதும் ஒரு வேட்பாளர் உண்டு. பெயர், 'மேலே உள்ள யாரும் வேண்டாம்'! நம்ம ஊர் நோட்டா ஜெயித்தாலும் அடுத்த இடத்துக்காரர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். இங்கே நடக்காது. 'யாரும் வேண்டாம்' என்பதிடம் தோற்றவர் தலைவராகவே முடியாது!

2018-ல் நின்றவர் ஒரே ஒருவர், கிறிஸ் லாம்ப். 'போட்டியின்றித் தேர்வு' என்று மாலை போட்டார்களா? மூச்! தேர்தல் நடந்தது. எதிர் வேட்பாளர், 'யாரும் வேண்டாம்'!

அடுத்த ஆண்டு அதைவிடக் கூத்து. 2019-ல் வேட்புமனு வாங்கும் நாள் முடிந்தது. வந்த மனுக்கள்: பூஜ்யம்! தலைவர் பதவி காலியாகக் கிடக்கிறது, ஆளே இல்லை. ஒரு வாரம் நீட்டித்தார்கள். அப்புறம் நான்கு பேர் களத்தில் நின்றார்கள், சாம் ஹார்ட்மன் ஜெயித்தார்!

2024 தேர்தலில் மோதியது இரண்டே பேர். ஒருவர் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் டில்லே. இன்னொருவர் கேரளத்தின் ஸ்ருதி சந்திரன்! டில்லே ஜெயித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 செப்டம்பரில், டெபியன் உலக மாநாடு கூடிய ஊர் கொச்சி!

வாக்கு எண்ணும் முறை எது? ஷுல்ட்சே முறை. ஒவ்வொரு வேட்பாளரையும் மற்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியே மோத விட்டுப் பார்க்கும் கணக்கு. டெபியன் இதை எடுத்துக்கொண்டது 2003-ல். எந்த நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலிலும் இந்த முறை கிடையாது!

ஜெயிக்கக் குறைந்தபட்சம் எத்தனை பேருடைய ஆதரவு வேண்டும்? இங்கே வருகிறது என் மனசுக்குப் பிடித்த விதி. மொத்த டெவலப்பர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடு. பாதியாக்கு. மூன்றால் பெருக்கு! ஆயிரம் பேர் இருந்தால் விடை 47 சொச்சம். அரசியல் சட்டத்துக்குள் ஸ்கொயர் ரூட்!

உறுப்பினர்கள் கொண்டுவரும் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது 2022 வரை ஊருக்கே வெளிச்சம். பெயரோடு பட்டியல் வெளியாகும்! 'இனி ரகசியம்' என்று முடிவு செய்தார்கள். எப்படி முடிவு செய்தார்கள்? அதற்கும் வாக்கெடுப்புதான்!

நாலுக்கு நாலு!

2014 பிப்ரவரி. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எந்த நிரல் முதலில் எழுந்து மற்ற நிரல்களை எழுப்ப வேண்டும்? கேள்வி இவ்வளவுதான். சிஸ்டம்டி என்பவர்கள் ஒரு பக்கம், அப்ஸ்டார்ட் என்பவர்கள் மறுபக்கம். டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் எட்டுப் பேர். நான்கு பேர் அந்தப் பக்கம், நான்கு பேர் இந்தப் பக்கம்! தலைவர் பிடேல் கார்பி தன்னுடைய தீர்ப்பு வாக்கைப் போட்டார். சிஸ்டம்டி ஜெயித்தது.

சண்டை ஓயவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மொத்த உறுப்பினர்களும் வாக்களித்தார்கள். ஜெயித்த தீர்மானம் என்ன தெரியுமா? 'இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை'! வாக்கெடுப்பு நடத்தி, வாக்கெடுப்பு வேண்டாம் என்று முடிவெடுத்த மகாசபை உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

கோபித்துக்கொண்ட சிலர் பிரிந்து போய் டெவுவான் என்ற தனி இயங்குதளம் தொடங்கினார்கள். அதே மாதம்!

2021-லும் இதே பாணி. ஃப்ரீ சாஃப்ட்வேர் அமைப்பின் இயக்குநர் குழுவுக்கு, சர்ச்சையில் விலகியிருந்த அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திரும்பி வந்தார். உலகமே இரண்டாகப் பிரிந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. டெபியன் என்ன சொல்ல வேண்டும்? கண்டனம், ஆதரவு என்று வரிசையாகத் தீர்மானங்கள். ஜெயித்தது: 'டெபியன் எந்த அறிக்கையும் விடாது'!

2006-ல் நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். அடுத்த பதிப்பு சீக்கிரம் வர வேண்டும் என்பதற்காக, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது ஒரு குழு. தலைவர் அந்தோணி டவுன்ஸும் அதில் இருந்தார். விளைவு? 'நாங்கள் சும்மா உழைக்கிறோம், அவர்களுக்கு மட்டும் காசா?' என்று சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள்! தலைவரைத் திரும்ப அழைக்கவே தீர்மானம் வந்தது. தப்பித்தார். டிசம்பரில் வர வேண்டிய பதிப்பு வந்தது 2007 ஏப்ரல் 8-ல். வேகப்படுத்தக் கொடுத்த பணத்தோடு சேர்ந்து வந்தது நான்கு மாதத் தாமதம்!

அதே 2006-ல் இன்னொரு வீம்பு. ஃபயர்ஃபாக்ஸ் பெயரையும் படத்தையும் பயன்படுத்த மோசில்லா நிபந்தனை போட்டது. டெபியன் மசியவில்லை. பெயரையே மாற்றி 'ஐஸ்வீசல்' ஆக்கிவிட்டது! நெருப்பு நரி போய்ப் பனிக்கீரி வந்தது. சமாதானம் ஆனது 2016-ல். பத்து ஆண்டு!

இத்தனை பெரிய டெபியனின் பெயரில் ஒரு பேங்க் அக்கவுன்ட்கூடக் கிடையாது! சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு நிறுவனமே இல்லை. நன்கொடைப் பணத்தை அமெரிக்காவில் 1997-ல் பதிவான ஒரு தனி அமைப்பு வைத்துப் பார்த்துக்கொள்கிறது.

ஆனாலும் 2013-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் லேப்டாப்கள் விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து எதற்கு மாறின? டெபியன் 6-க்கு!

நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது! சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் அடித்தளம் டெபியன். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து இருந்தது அந்த பாஸ். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பழைய லேப்டாப்பைத் தூசு தட்டித் திறந்து பாருங்கள்!

ராஜா ராஜினாமா!

1994. பைத்தான் மொழி தவழ்ந்துகொண்டிருந்த நேரம். ஒருவர் கேள்வி எழுப்பினார்: அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் பஸ்ஸில் அடிபட்டால் பைத்தான் என்ன ஆகும்? மென்பொருள் உலகில் 'பஸ் கணக்கு' என்றே ஒன்று இன்றைக்கு இருக்கிறது. எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் திட்டம் படுத்துவிடும் என்ற எண்! பைத்தானின் எண் அப்போது 1.

1995-ல் கைடோவுக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள். 'வாழ்நாள் முழுவதற்குமான கருணையுள்ள சர்வாதிகாரி'! உலகம் முழுக்க ஓப்பன் சோர்ஸ் தலைவர்களுக்கு இன்று வழங்கும் பட்டம் இவருக்காகப் பிறந்ததுதான்.

2003-ல் அவர் ஒரு தடவை ஜனநாயகத்தைச் சோதித்துப் பார்த்தார். 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று ஒரே வரியில் எழுத எந்த வடிவம் வேண்டும் என்று வாக்கெடுப்பு. தெளிவாக எதுவுமே ஜெயிக்கவில்லை! இரண்டு ஆண்டு கழித்துக் கைடோவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

2018 ஜூலை 12. இமெயில் தலைப்பு: 'அதிகார மாற்றம்'. சர்வாதிகாரி பதவி விலகிவிட்டார்! காரணம்? ஒரு முக்காற்புள்ளியும் ஒரு சமக்குறியும். := என்ற குறி! படுக்க வைத்துப் பார்த்தால் கடற்சிங்கத்துக்கு உறவான வால்ரஸின் கண்ணும் தந்தமும் போல இருக்கும் என்பதால் 'வால்ரஸ்' என்று செல்லப்பெயர். அதை மொழியில் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்படி ஒரு சண்டை. சேர்த்தார். களைத்தார். போனார்!

வாரிசை நியமித்தாரா? இல்லை! ஜனநாயகமோ, அராஜகமோ, சர்வாதிகாரமோ, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடும் மொழி ஐந்து மாதம் ராஜா இல்லாமல் ஓடியது!

அந்த ஐந்து மாதத்தில் எழுதப்பட்ட ஆட்சி முறைத் திட்டங்கள் ஏழு! ஒருவர் ஆட்சி. மூவர் ஆட்சி. தலைவரே இல்லாத ஆட்சி. பைத்தானை எழுதாத வெளியாட்கள் தீர்ப்பு சொல்லும் ஆட்சி! டிசம்பரில் வாக்கெடுப்பு. ஜெயித்தது ஐவர் குழு.

ஐவர் குழுவில் ஒரு விதி. ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது! எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் சரி, பைத்தானைக் கைப்பற்ற முடியாது. என்ன ஓர் அழகான பூட்டு!

2019 பிப்ரவரியில் முதல் ஐவர் குழு. ஜெயித்தவர்களில் ஒருவர் யார்? பதவி விலகிய அதே கைடோ! அடுத்த தேர்தலில் பெயரை விலக்கிக்கொண்டார்.

இதைக் கேளுங்கள்! 2009 ஏப்ரல் 1-ல் ஒரு ஏப்ரல் ஃபூல் அறிவிப்பு: கைடோ ஓய்வு பெறுகிறார், இனி பேரி வார்சாதான் பைத்தானின் 'வாழ்நாள் அன்பு மாமா'! அந்த வேடிக்கையை நிரலாகவே எழுதி மொழிக்குள் ஒளித்தும் வைத்தார்கள். 'மாமா ஆட்சி'யை ஒரு வரியில் இயக்கினால் != என்ற குறி செல்லாது, பழைய <> மட்டும்தான் செல்லும்! சரியாகப் பத்து ஆண்டு கழித்து நிஜமாகவே அமைந்த முதல் ஐவர் குழுவில் இருந்தவர்... பேரி மாமா!

பெர்ல் மொழிக்கு ஒரு காலத்தில் இவ்வளவு சிரமமே இருந்ததில்லை. இரண்டே விதி. விதி ஒன்று: பெர்ல் எப்படி நடக்க வேண்டும் என்பதில் அதை உருவாக்கிய லாரி வால் சொல்வதே சரி. விதி இரண்டு: லாரி பிறகு மனசை மாற்றிக்கொள்ளலாம், முன்பு விதி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தாலும் சரி!

மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது!

அப்பாச்சி வெப் சர்வர் குழுவைத் தொடங்கியவர்கள் எட்டுப் பேர். 1995. அவர்களுடைய வழக்கம், +1 போட்டு வாக்களிப்பது.

+1 என்றால் ஆமாம். −1 என்றால் கூடாது. அதோடு நிற்கவில்லை! +0 என்றால் 'பரவாயில்லை'. −0 என்றால் 'எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் குறுக்கே நிற்க மாட்டேன்'. −0.9 கூடப் போடலாம். 'ஐயோ, துளியும் பிடிக்கவில்லை, இருந்தாலும் தடுக்கவில்லை' என்று அர்த்தம்! பெருமூச்சையும் எண்ணாக மாற்றிவிட்டார்கள்!

நிரல் மாற்றத்துக்கு ஒரே ஒருவர் −1 போட்டால் போதும். மாற்றம் நின்றுவிடும். ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும்தான் வீட்டோ. இங்கே வாக்குரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் வீட்டோ! ஆனால் தொழில்நுட்பக் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத −1 செல்லாது!

யாருமே வாய் திறக்கவில்லையா? அதுவும் சம்மதம்தான். வாக்கெடுப்புக்கு வழக்கமாக 72 மணி நேரம். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் தூங்கி எழுந்து படித்து முடிக்க அவ்வளவு நேரம்!

புதிய பதிப்பை வெளியிடத் தேவை மூன்று +1. அதை மட்டும் எவராலும் வீட்டோ செய்ய முடியாது!

உறுப்பினர் ஆவது மனிதர்கள்தான், கம்பெனிகள் கிடையாது. வேலை மாறினாலும் வாக்கு உங்களோடு வரும். பழைய கம்பெனியில் விட்டுவிட்டு வர வேண்டியது நாற்காலி மட்டும்!

'ம்ம்ம்ம்' என்றால் ஆதரவு!

இன்டர்நெட்டின் நெறிமுறைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் வாக்கெடுப்பே கிடையாது! உறுப்பினர் அட்டையும் கிடையாது. 1992-ல் எம்.ஐ.டி.யின் டேவிட் கிளார்க் அறிவித்தார்: அரசர் வேண்டாம், அதிபர் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். ஏறக்குறைய ஒத்த கருத்தும் ஓடுகிற நிரலும் போதும்!

அப்புறம் எப்படி முடிவு? முனகல்! நிஜம்தான். ஹால் நிறைய பொறியாளர்கள். தலைவர் கேட்கிறார், 'இதற்கு ஆதரவு உள்ளவர்கள்?' வாயை மூடிக்கொண்டே 'ம்ம்ம்ம்' என்கிறார்கள். 'எதிர்ப்பவர்கள்?' மறுபடி 'ம்ம்ம்ம்'. எந்த ரீங்காரம் பலமாக இருந்தது என்று தலைவர் காதால் கணிக்கிறார். யார் முனகினார் என்று சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது. கையைத் தூக்கி மேலதிகாரியிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை!

எதிர்த்து முனகியவர்கள் தோற்றுப் போனதாகவும் அர்த்தம் இல்லை. ஐந்தே பேர் முனகினாலும் அவர்கள் சொல்லும் குறை நியாயமாக இருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதை விளக்க ஓர் ஆவணமே எழுதியிருக்கிறார்கள். ஆர்.எஃப்.சி. 7282, 2014!

கொரோனா வந்தது. எல்லோரும் வீட்டில். முனகுவது எப்படி? ஆன்லைனில் முனகும் பட்டன் செய்துவிட்டார்கள்! முடிவை 'பியானோ', 'ஃபோர்ட்டே' என்று மேற்கத்திய இசைக் குறிப்புகளாகக் காட்டியது அந்தக் கருவி!

சைக்கிள் ஷெட்டுக்கு என்ன கலர்?

1999 அக்டோபர். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம். 'ஸ்லீப்' என்ற குட்டிக் கட்டளை முழு விநாடிகளைத்தான் ஏற்கும். அரை விநாடி, கால் விநாடியையும் ஏற்கலாமா? இதற்குப் போய் அப்படி ஒரு வாக்குவாதம்! பொறுக்க முடியாமல் போல்-ஹென்னிங் காம்ப் ஒரு கடிதம் எழுதினார். அணு உலைக்குக் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் யாருக்கும் புரியாது. சைக்கிள் ஷெட்டுக்கு மட்டும் ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்வார்கள் என்று 1957-லேயே பார்க்கின்சன் என்ற எழுத்தாளர் எழுதியதை நினைவுபடுத்தினார். அன்றிலிருந்து வெட்டி விவாதத்துக்கு நிரலாளர்கள் வைத்த பெயர் 'பைக்ஷெட்டிங்'!

அதே ஃப்ரீபிஎஸ்டியை நடத்துவது ஒன்பது பேர் கொண்ட மையக் குழு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல்!

பிஎச்பி நிரல் மொழியில் 5-க்கு அடுத்து வந்த பெரிய பதிப்பு எது? 7! ஆறாம் எண்ணில் தொடங்கிய வேலை பாதியில் நின்றுபோயிருந்தது, அதற்குப் புத்தகங்கள்கூட வெளியாகியிருந்தன. 2014-ல் வாக்கெடுப்பு. 58-க்கு 24. ஆறு காலி!

பிரிந்தார்கள், ஜெயித்தார்கள்!

1994 டிசம்பரில் நெட்பிஎஸ்டி இயங்குதளக் குழுவிலிருந்து தியோ டி ராட் வெளியேற்றப்பட்டார். தனியாகப் போய் 1995-ல் ஓப்பன்பிஎஸ்டி தொடங்கினார். அங்கிருந்து 1999-ல் வந்ததுதான் ஓப்பன்எஸ்எஸ்எச். உலகத்து லினக்ஸ் சர்வர் நிர்வாகிகள் எல்லாம் இன்றைக்கு உள்ளே நுழையும் வாசல்!

1997-ல் ஜிசிசி கம்பைலரிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்தது. 1999 ஏப்ரலில் பிரிந்துபோன பதிப்பையே அதிகாரபூர்வ ஜிசிசியாக அறிவித்தார்கள். கலகக்காரருக்கே பட்டாபிஷேகம்!

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போகப் போகிறது என்றதும் அதை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் 2009-ல் தனிப் பிரிவு தொடங்கினார். முதல் மகள் பெயர் மை. இரண்டாவது மகள் பெயர் மரியா. புதிய மென்பொருள், மரியாடிபி!

2010 செப்டம்பர் 28-ல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்தது லிப்ரே ஆபிஸ். ஜெர்மனியில் அறக்கட்டளை தொடங்க 50,000 யூரோ வேண்டும். பொதுமக்களிடம் துண்டேந்தினார்கள். எத்தனை நாளில் சேர்ந்தது? எட்டு!

2011 ஜனவரி. ஹட்சன் என்ற கருவியின் பெயர் எங்களுக்குச் சொந்தம் என்றது ஆரக்கிள். சரி, பெயரையே மாற்றிவிடலாமா? வாக்கெடுப்பு. வேண்டும் 214. வேண்டாம் 14. ஜென்கின்ஸ் பிறந்தது!

நோட்.ஜேஎஸ் பதிப்பு எண் 0.12. அடுத்த எண்? 4.0! நடுவில் ஒரு விவாகரத்து. 2014 டிசம்பரில் பிரிந்தவர்கள் ஐஓ.ஜேஎஸ் என்ற பெயரில் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போனார்கள். 2015 செப்டம்பரில் இரண்டும் ஒன்றாயின. எண்ணும் அங்கிருந்தே தொடர்ந்தது!

2021 நவம்பர். ரஸ்ட் மொழியின் நடத்தை விதிகளைக் காக்கும் குழு மொத்தமாக ராஜினாமா! மையக் குழு யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பது புகார். 2023-ல் புதிய தலைமைக் கவுன்சில் வந்தது. பழைய மையக் குழுவையே கலைத்துவிட்டார்கள்!

லினஸ் ராஜ்ஜியம்!

லினக்ஸ் கர்னலில் புதிய வசதிகளுக்குக் கதவு திறந்திருப்பது இரண்டே வாரம். அப்புறம் சாத்திவிடுவார் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ். பிழை திருத்தம் மட்டும்தான். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு!

ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் 'இதில் கையெழுத்திட்டவர்' என்று ஒரு வரி. பெயர், இமெயில் முகவரி. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. எஸ்சிஓ நிறுவனத்தின் வழக்குக்குப் பிறகு, 2004-ல் வந்த வழக்கம். எழுதியவர், சரிபார்த்தவர், அதை மேலே அனுப்பியவர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையெழுத்துகள் அடுக்கிக்கொண்டே போகும்!

2005-ல் நிரல்களைப் பராமரிக்கும் பிட்கீப்பர் கருவியின் இலவச அனுமதி பறிபோனது. ஏப்ரல் 3-ல் லினஸ் புதிய கருவி எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7-ல் அது தன்னைத்தானே பராமரிக்கத் தொடங்கிவிட்டது. கிட்! ஜூலை 26-ல் ஜூனியோ ஹமானோவிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். இன்றைய மென்பொருள் உலகமே தொங்கிக்கொண்டிருக்கும் கருவியை அதன் தந்தை கையில் வைத்திருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவு!

சர்வாதிகாரியும் வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்! 2015-ல் அடுத்த எண் 3.20-ஆ, 4.0-ஆ என்று மக்களைக் கேட்டார். 4.0 என்றவர்கள் 56 சதவீதம்!

2018 செப்டம்பரில் கர்னலுக்குப் புதிய நடத்தை விதிகள். அதே வேளையில் லினஸ், என் கோபப் பேச்சு தவறு, மற்றவர் மனசைப் புரிந்துகொள்ள உதவி தேடுகிறேன் என்று விடுப்பில் போனார். 4.19 பதிப்பை முடித்துக் கொடுத்தவர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன். லினஸ் இப்படித் தவறை ஒப்புக்கொண்டு விடுப்பில் போனது, நானறிந்த வரையில் வேறு எந்த மென்பொருள் தலைவரும் செய்யாத காரியம்!

2021-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கர்னல் குழு ஏமாறுகிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே பிழையுள்ள திருத்தங்களை அனுப்பியது வெளியே வந்தது. கிரெக் என்ன செய்தார்? ஒட்டுமொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் தடை! அங்கிருந்து முன்பு வந்த 190 திருத்தங்களையும் மறுபடி தோண்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்!

நம்பிக்கையைச் சம்பாதித்தே உள்ளே நுழைந்தவர் ஒருவரும் உண்டு. எக்ஸ்இசட் என்ற சின்ன சுருக்கிக் கருவி. பராமரித்தவர் தனி ஆள், களைத்துப் போயிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தார். கூட்டுப் பொறுப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியில் ஒரு திருட்டு வாசலை வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது!

பிடித்தவர் பாதுகாப்பு நிபுணரே இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், டேட்டாபேஸ் பொறியாளர். வேறு எதையோ அளந்துகொண்டிருந்தார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடிப்பதைக் கவனித்தார். எவ்வளவு அதிகம்? அரை விநாடி! மார்ச் 29-ல் உலகுக்கு அறிவித்தார். அந்தத் திருட்டு வாசலுக்குக் கிடைத்த ஆபத்து மதிப்பெண்... பத்துக்குப் பத்து!